விருந்துக்குக் கட்டிய சீரியல் லைட்

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோவில் எங்கள் பனியன் கம்பெனி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. என் வீட்டுக்காரர் ராஜபாண்டி அங்கே வாட்ச்மேன். காலையிலிருந்து இருட்டும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருடைய சாப்பாட்டுப் பை. அவர் அதற்குக் காவல் நிற்பதுபோல் பக்கத்தில் விறைப்பாக நிற்பார்.

வலது முழங்கால் சரியாக மடங்காது. சாயங்காலம் ஆனால் பன்னு மாதிரி உப்பிவிடும். நான் உள்ளே செக்கிங் டேபிளில் நின்று வேலை பார்க்கிறவள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசல் தெரியும். அவர் உடம்பை இடது காலுக்கு மாற்றுவதும், யாராவது வந்தால் உடனே நேராவதும் எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நாற்காலியைப் போட்டதே முதலாளி சாமியப்பன்தான். இவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தன் கையால் தூக்கி வந்து போட்டார்.

"மிலிட்டரிக்காரரே, நாட்டுக்காகக் காலக் குடுத்தவருங்க நீங்க. நீங்க நிக்க, நான் கார்ல உக்காந்துட்டுப் போனா நல்லாவாங்க இருக்குது? உக்காருங்க."

"சரிங்க சார்" என்றார் இவர். முதலாளியின் கார் திரும்பியதும் பையை எடுத்து நாற்காலியில் வைத்தார். அன்றைக்கு வைத்த பைதான்.

முதலாளி நல்ல மனுஷர். அவர் வாயிலிருந்து வந்த 'நாட்டுக்காக' என்ற சொல்தான் இவரை உட்காரவிடாமல் செய்தது. ஏனென்றால் என் வீட்டுக்காரரின் கால் போனது சண்டையில் இல்லை. பட்டாளத்தில் படா கானா என்று ஒரு பெரிய விருந்து வைப்பார்கள். ஆபீசர், சிப்பாய் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அந்த விருந்துப் பந்தலுக்குச் சீரியல் லைட் கட்டச் சொல்லி இவரை ஏணியில் ஏற்றினார்கள். ஏணி சறுக்கியது. முழங்கால் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் போய் இறங்கியது. அவ்வளவுதான் கதை.

அந்தக் கதையோடு முடிந்திருந்தால் இவரும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். இவர் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது கார்கில் சண்டை வந்துவிட்டது. இவருடைய கூட்டம் மொத்தமும் மலைக்குப் போனது. சில பேர் திரும்பவில்லை. பக்கத்து ஊர்க்காரரும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவருமான அந்தோணிராஜ் அண்ணன் ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

இரண்டு பேருக்கும் ஊனத்துக்கான பென்ஷன் வருகிறது. இரண்டு குடும்பமும் பிழைப்புக்குத் திருப்பூர் வந்து சேர்ந்தோம். அந்தோணி அண்ணன் பென்ஷனை வாங்கிக் குடும்பம் நடத்துகிறார். இவர் அதைத் தொடவே மாட்டார். அது பேங்கில் கிடக்கிறது. நாங்கள் வாட்ச்மேன் சம்பளத்திலும் என் செக்கிங் கூலியிலும் லைன் வீட்டு வாடகையைக் கட்டிக்கொண்டு, கேஸ் தீர்ந்தால் விழித்துக்கொண்டு நிற்கிறோம்.

"நீங்க என்ன செவரேறிக் குதிச்சா விழுந்தீக? வேலை செய்யுறப்பதான விழுந்தீக?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"அந்தோணி கால குண்டுக்குக் குடுத்தான். நான் சீரியல் லைட்டுக்குக் குடுத்தேன். ரெண்டு பேரும் ஒரே பென்ஷன் கவுண்டர்ல நிக்கிறோம். நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருக்கு ஜோதி."

இப்படிச் சொல்கிறவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? போதாக்குறைக்குச் சுதந்திர தினத்தன்று கம்பெனியில் கொடி ஏற்ற இவரைத்தான் கூப்பிடுவார்கள். முதலாளி மைக்கில் "கார்கில் வீரர்" என்பார். டெய்லர்களும் கட்டிங் மாஸ்டரும் கை தட்டுவார்கள். ஒரு வருடம் இவர் முதலாளியின் காதோரம் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மிட்டாய் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி இவர் சாப்பிடவில்லை.

அந்த வருஷம், கார்த்திகை மாசம், மெடிக்கல் போர்டுக்கு வரச் சொல்லி ஓலை வந்தது. காலின் ஊனம் இன்னும் இருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று மிலிட்டரி டாக்டர்கள் பார்ப்பார்கள். சரியாகிவிட்டது என்றால் பென்ஷன் நின்றுவிடும். குன்னூர் மலைமேல் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"இந்தத் தடவ காலு நல்லாயிருச்சுன்னு சொல்லிரப் போறேன்" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

நான் கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டேன். "என்னது?"

"நடந்து காமிச்சிருவேன். பழகிக்கிட்டுத்தான் இருக்கேன்."

பழகத்தான் செய்தார். விடியற்காலையில் லைன் வீட்டுச் சந்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தார். நடந்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் கதவிடுக்கில் பார்த்தேன். பணம் போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிடலாம். ஆனால் கால் நல்லாயிருக்கிறது என்று எழுதி வாங்கிவிட்டால் அப்புறம் இந்த மனுஷன் வைத்தியம் பார்க்கவே மாட்டார். நாள் பூராவும் நின்றே அந்தக் காலைத் தீர்த்துவிடுவார். எனக்கு அவர் வேண்டும். அவருடைய காலும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைக்குப் போனேன். அந்தோணி அண்ணன் அங்கே ஒரு சின்னக் கடையில், கம்பெனிகள் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பனியன் விற்கிறார். பட்டாளத்தில் கற்ற இந்தியை வைத்து வடக்கத்தி வியாபாரிகளிடம் சண்டையும் சிரிப்புமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பண்டலைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்டூல் போட்டார்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே" என்றேன்.

"நான் சொன்னா எடுபடாது தங்கச்சி. என்னயப் பாத்தாலே மாப்ள கண்ணு என் காலுக்குப் போயிருது. எம்மொகத்தப் பாத்துக் கொஞ்ச நேரம் பேசுனா ஒரு டஜன் பனியன் சும்மா தாரேன்னு சொல்லிருக்கேன். இன்னும் வாங்குன பாடில்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் கொஞ்ச நேரம் ஒரு பனியனை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் விழுந்ததும் வண்டியில தூக்கிப் போட்டு அனுப்பிட்டாங்க. ஆனா விருந்து நின்னு போகல. அவன் கட்டுன லைட்டுக்குக் கீழதான் எல்லாரும் உக்காந்து சாப்ட்டோம். பச்சையும் செவப்புமா அப்படி ஒரு வெளிச்சம். எங்க சுபேதார் சாப் அதுக்கு அடியில நின்னு ஆடுனாரு பாரு, அதுவரைக்கும் அவரு சிரிச்சே நாங்க பாத்ததில்ல. கொஞ்ச நாள்ல மேல போனோம். அவரு திரும்பி வரல. இன்னும் சில பேரும் வரல. அவுகளுக்கெல்லாம் அதுதான் கடைசி விருந்து."

அண்ணன் பனியனைக் கீழே வைத்தார்.

"மேல பனியில ராத்திரி வெளிச்சமே காட்டக் கூடாது. பீடி பத்த வைக்க முடியாது. இருட்டுல உக்காந்து என்ன பேசுவோம்னு நெனைக்கிற? அந்த விருந்தப் பத்தித்தான். அந்தக் கறி, அந்தப் பாட்டு, அந்தப் பச்சை லைட்டு. அதப் பேசிப் பேசித்தான் பொழுது விடியும்."

"இத அவுககிட்ட சொன்னதில்லையாண்ணே?"

"வாயெடுத்தா எனக்குத் தொண்ட அடைச்சுக்கிருது. நீ சொல்லு. ஆனா சண்டையில சொல்லாத. நேரம் பாத்துச் சொல்லு."

சண்டையில் சொல்லாமல் வேறு எதில் சொல்வது? எங்கள் வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்ததே சண்டைதான். போர்டுக்குப் போகிற நாள்வரை எனக்கு நேரம் வாய்க்கவில்லை.

அன்றைக்குக் கருக்கலிலேயே ஊட்டி பஸ் ஏறினோம். இவர் சலவை மடிப்புக் கலையாத பேண்ட் போட்டிருந்தார். ஷூவில் முகம் பார்க்கலாம். பஸ்ஸில் 'ஊனமுற்றோர்' என்று எழுதியிருந்த சீட் காலியாகவே இருந்தது. இவர் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வரைக்கும் நின்றார், அதற்குப் பிறகு கொண்டை ஊசி வளைவுகளிலும் நின்றார். ஒவ்வொரு வளைவிலும் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "உக்காருங்களேன்" என்றேன். "பழகுறேன்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தேன். மலை என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் சேலையைத் திருகிக்கொண்டிருந்தேன். என் சேலைத் தலைப்பின் ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. செக்கிங் வேலையில் இருக்கிற பொம்பளைகள் எல்லாருடைய சேலையிலும் அது இருக்கும். சிவப்பு அம்பு போட்ட குட்டி ஸ்டிக்கர். பனியனில் ஓட்டை இருந்தாலும், தையல் விட்டிருந்தாலும், எண்ணெய்க் கறை இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டி அம்பை ஒட்டி ஒதுக்கி வைப்போம். அவசரத்துக்கு எடுக்கத் தோதாகத் தலைப்பில் சிலதை ஒட்டிக்கொள்வது பழக்கம். கருக்கலில் கிளம்பியதில், முந்தின நாள் வேலைக்குக் கட்டிய சேலையையே கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

உள்ளே இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டார்.

"நில்லுங்க, பேண்ட்டுல தூசி" என்றேன்.

குனிந்து தட்டிவிட்டேன். தட்டுகிற சாக்கில் முழங்காலின் பின்பக்கம் ஒரு அம்பு. இடுப்பில், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிற இடத்தில் ஒரு அம்பு. வலது ஷூவின் குதிகாலில் ஒரு அம்பு. என் கை வேலையில் நான் கெட்டிக்காரி. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மடிப்புக் கலையாமல் மார்ச் பண்ணிக்கொண்டு உள்ளே போனார்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் டாக்டர், மேஜர். நாகர்கோவில் பக்கத்துத் தமிழ் பேசினார். இவரைச் சுவர்வரை போய்த் திரும்பி வரச் சொன்னார். இவர் நடந்தார். கால் நிஜமாகவே நல்லாயிருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வருகிற மாதிரி நடந்தார். சுவர்ப் பக்கம் போய் முதுகைக் காட்டினாரோ இல்லையோ, டாக்டர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ராஜபாண்டி, அப்படியே நில்லுங்க. பின்னால என்ன இது?"

இவர் கழுத்தைத் திருப்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தார். முழங்காலில் அம்பைக் கண்டார். காது ரெண்டும் சிவந்துபோயின. "ஜோதி" என்று அடித்தொண்டையில் சொன்னார். டாக்டர் என்னை உள்ளே வரச் சொன்னார்.

"யாரும்மா ஒட்டினது?"

"நாந்தாங்க மேடம். திருப்பூர்ல செக்கிங்ல இருக்கேன். டேமேஜ் எங்க இருக்கோ அங்க அம்பு ஒட்டுவோம். இவுக மறைச்சிருவாகன்னு ஒட்டிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"ஷூவுல எதுக்கு?"

"குதிகாலு ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு பாருங்க. நேரா நடக்குறவுகளுக்கு அப்படித் தேயாது."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே எழுந்து வந்து, "சரி, உக்காந்து எந்திரிங்க பாப்போம்" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது. கோபம் இருந்தது. அதற்குக் கீழே பயமும் இருந்தது. குந்த ஆரம்பித்தார். பாதி வரைக்கும் போனவர் அதற்குமேல் போகவும் முடியாமல் எழவும் முடியாமல் கையைக் காற்றில் துழாவினார். நான் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன். அவர் கனம் முழுவதும் என்மேல் இறங்கியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்மேல் முழுசாகச் சாய்ந்தார்.

"மேடம், இது சண்டையில பட்டது இல்ல" என்றார் மூச்சு வாங்க. "படா கானாவுக்கு லைட் கட்டுனப்ப விழுந்தது. இதுக்குப் போயி..."

"யார் கட்டச் சொன்னது?"

"ஆர்டர் மேடம்."

"நீங்களா ஆசைப்பட்டு ஏறல இல்லையா? மலைக்குப் போன்னு ஆர்டர் வந்திருந்தா போயிருப்பீங்க. ஏணியில ஏறுன்னு வந்தது, ஏறினீங்க. என் வேலை முழங்காலப் பாக்குறது. காலை நீட்டுங்க."

அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொன்னார். கால் முன்னைவிட மோசமாகத்தான் இருக்கிறது என்றார். தடி வைத்துக்கொள்ள வேண்டும், நின்றுகொண்டே வேலை செய்யக்கூடாது என்று இவரிடம் சொல்லிவிட்டு, "நீங்க பாத்துக்கங்க" என்று என்னிடம் சொன்னார். பார்க்காமல் விடுவேனா?

பஸ் ஸ்டாண்டு வரும்வரை இவர் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். பஸ்ஸில் பழையபடி கம்பியைப் பிடித்தார். ஆனால் குந்தி எழுந்ததில் முழங்கால் வெட்டி வெட்டி இழுத்தது. "சீட்டு சும்மாத்தான கெடக்குதுங்க, உக்காருங்க" என்று கண்டக்டர் அதட்டினார். உட்கார்ந்தார். தலைக்குமேல் 'ஊனமுற்றோர்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன். பர்லியாற்றில் வண்டி நின்றபோது பலாச்சுளை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அதுவே எனக்குப் பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு அம்மா கறிவேப்பிலைக் கட்டோடு ஏறி எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தார். பெயர் பழனாயி என்று கேட்காமலே சொன்னார். பல்லடம் பக்கமாம். இவர் கால் நீட்டியிருப்பதையும் தலைமுடி வெட்டையும் பார்த்தார்.

"ஏனுங்க, பட்டாளத்துக்காரருங்களா?"

"ஆமாங்க."

"சண்டையில குண்டு பட்டுதுங்களா காலு?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை. இதற்கு இவர் தலையைக் குனிந்துகொள்வதுதான் வழக்கம். கேட்டவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு கும்பிடு போடுவார்கள். நான் பேச்சை மாற்ற வாயெடுத்தேன்.

"இல்லீங்க" என்றார் இவர். "விருந்துக்கு சீரியல் லைட்டு கட்டப் போயி ஏணியில இருந்து விழுந்துட்டேங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாவுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. உச்சுக் கொட்டினார். "அடக் கெரகமே. அப்புறம் லைட்டு எரிஞ்சுதுங்களா?"

இவர் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. "தெரியலீங்க. அதுக்குள்ள என்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டாங்க."

"எரிஞ்சுச்சு" என்றேன் நான்.

திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தோணி அண்ணன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அந்த வெளிச்சத்தில் எல்லாரும் சாப்பிட்டதை, சுபேதார் ஆடியதை, திரும்பாதவர்களுக்கு அதுவே கடைசி விருந்தானதை, பனியில் இருட்டில் உட்கார்ந்து அந்த லைட்டைப் பேசிப் பேசியே விடிய வைத்ததை. பழனாயி அம்மா கறிவேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார்.

நான் முடித்தபிறகு இவர் நீட்டியிருந்த காலைத் தடவிக்கொடுத்தார். "பச்சையுமா எரிஞ்சுச்சு?" என்றார் மெதுவாக.

"ஏன்?"

"பச்சை வரிசை மக்கர் பண்ணுச்சு. எல்லாரும் விடுறா போதும்னாங்க. அதச் சரி பண்ணத்தான் திரும்ப ஏறுனேன்."

"பச்சையும்தான் எரிஞ்சுச்சு. அண்ணன் பச்சையத்தான் மொதல்ல சொன்னாக."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது. பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மனுஷனை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அவிநாசி தாண்டுகையில் துண்டை எடுத்துவிட்டு, "ஜோதி, பேங்குல கெடக்குறதுல ஒரு ஷூ வாங்கணும். குதிகாலு தேஞ்சுபோச்சு" என்றார். "அத நாந்தான சொன்னேன்" என்றேன். கன்னத்தில் செல்லமாக ஒரு இடி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் முதலாளியின் கார் வந்தபோது இவர் தடியை ஊன்றிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். முதலாளி காரை நிறுத்தி, இறங்கி, கேட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. முதலாளி இவர் தோளைத் தட்டிவிட்டு நாற்காலியைக் காட்டினார். அது தெரிந்தது.

பத்து மணி டீக்கு மிஷின்கள் நின்றதும் ஜன்னலுக்குப் போனேன். இவர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பை தரையில் இருந்தது. தரையில் வைத்தால் எறும்பு ஏறாதா என்று திட்டத்தான் விறுவிறுவென்று வாசலுக்குப் போனேன். போய், பையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டு, டீ முடிகிறவரை அவர் பக்கத்தில் நின்றேன்.